டெல்லிக்கு முழக்கம், சேரிக்கு மௌனம்

நம் சட்டமன்ற உறுப்பினர்களின் பேட்டிகள் நமக்கு மனப்பாடம். முதல் பாதி நாட்டு நடப்பு: தொகுதி மறுவரையறை, ஆளுநர், நீட், இந்தித் திணிப்பு, ஜிஎஸ்டி பங்கு. இரண்டாம் பாதி தொகுதி நிலவரம்: மேம்பாலம், பேருந்து நிலையம், கூட்டுக் குடிநீர்த் திட்டம், அரசு கலைக்கல்லூரி. முதல் பாதியில் குரல் உயரும். இரண்டாம் பாதியில் பட்டியல் நீளும். தொகுதியில் சாதிக்கொரு சுடுகாடு எத்தனை ஊர்களில் இருக்கிறது, கோயிலுக்குள் போக முடியாத தெருக்கள் எத்தனை, நிலுவையில் கிடக்கும் வன்கொடுமை வழக்குகள் எத்தனை என்ற கணக்கு எந்தப் பாதியிலும் வராது. தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், எங்கள் பகுதியில் எல்லாரும் அண்ணன் தம்பியாகத்தான் பழகுகிறோம் என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடும்.

கொடியின் நிறம் எதுவாக இருந்தாலும் பேட்டியின் வடிவம் இதுதான். பேசுகிறவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பதைப் பொறுத்து முதல் பாதியின் சூடு கூடும், குறையும். இரண்டாம் பாதியின் மௌனம் மட்டும் மாறாது.

முதல் பாதியில் அவர்கள் சொல்வது தவறா? பெரும்பாலும் சரிதான். 1962 தேர்தலில் நமக்கு 41 மக்களவைத் தொகுதிகள் இருந்தன. 1967 தேர்தலில் அது 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செயல்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் 1976-இல் 42-ஆவது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி இருந்த எண்ணிக்கையை உறைய வைத்தது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை 2026-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1 என்று ஒன்றிய அரசு அறிவித்த பிறகு தென்மாநிலங்கள் கவலைப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டமும், பிற மாநில முதல்வர்களோடு நடந்த கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டமும் அந்தக் கவலையிலிருந்து பிறந்தவை.

அந்தக் கவலையின் சாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழர்களே. தலைகளை எண்ணி மட்டுமே அதிகாரத்தைப் பங்கிட்டால், எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அவையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் எதையும் தடுக்க முடியாது. அவர்களுடைய தலையெழுத்தை வேறொரு பெரும்பான்மை எழுதும். இதைத்தானே நம் எம்.எல்.ஏ. மேடைதோறும் சொல்கிறார்?

இதே வாதத்தை அண்ணல் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டில் வைத்தார். எந்த ஊரிலும் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாத ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்றார். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு அதைக் கொடுத்தது. காந்தியின் உண்ணாவிரதம் அதைப் பறித்தது. செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் மாகாண சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்கான இடங்கள் 71-லிருந்து 148 ஆக உயர்ந்தன. இடம் கூடியது; இடத்தில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஊருக்குப் போனது.

இன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. மக்களவையில் 39-இல் 7. இந்தத் தொகுதிகளில் நிற்பவர் சேரியின் ஒவ்வொரு வாக்கையும் வாங்கினாலும் வெல்ல முடியாது. ஊரின் வாக்கு வேண்டும், அதற்கும் முன்னால் கட்சித் தலைமை கொடுக்கும் சீட்டு வேண்டும். ஆகவே, தனித்தொகுதி உறுப்பினர் ஏன் வாய் திறப்பதில்லை என்று அவரை மட்டும் திட்டித் தீர்ப்பதில் பொருளில்லை. அவருடைய வாய்க்குப் பூட்டு போட்டது தேர்தல் முறை. பொதுத்தொகுதி உறுப்பினருக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவர் பேசாமல் இருப்பது கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

மாநில உரிமை என்ற கொள்கை கோட்டையோடு நின்றுவிடுமா, ஊராட்சி வரைக்கும் இறங்குமா என்பதுதான் இங்கே கேள்வி.

இறங்கியபோதெல்லாம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008-இல் ஓர் ஆட்சியிலும், 13 பேர் 2019-இல் இன்னோர் ஆட்சியிலும் முன்விடுதலை ஆனார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் ஒரு தலித் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. வேட்புமனு வராது, வந்தால், வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. அந்தப் பத்தாண்டுகளிலும் அந்தப் பகுதிக்கு எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள், எம்.பி.க்கள் இருந்தார்கள். ஓட்டு கேட்டுப் போனார்கள், வென்றார்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகே அவரால் கொடியேற்ற முடிந்தது. பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022-இல் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் கழித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒரு கயிற்றை இழுப்பதற்குக் கோட்டையிலிருந்து கடிதம்!

அந்த நாற்காலிகளும் பிறகு காலியாயின. 2019 இறுதியில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த ஆண்டு முழுவதும் தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். இதற்கு முன்பும் 2016-க்குப் பிறகு மூன்றாண்டுகள் இதே கதைதான் நடந்தது. டெல்லியில் நமக்கான இடங்களைக் குறைக்காதே என்று முழங்கிய அதே ஆண்டில், ஆயிரக்கணக்கான ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியே இல்லை. தலித்துகளும் பெண்களும் அதிகாரத்தைத் தொட்டுப் பார்க்கிற முதல் படி அதுதான். அதை எடுத்துவிட்டு மாநில சுயாட்சி பேசினால், கீழே இருப்பவருக்கு டெல்லிக்கும் சென்னைக்கும் என்ன வேறுபாடு தெரியும்?

வன்கொடுமை நடந்த பிறகு எம்.எல்.ஏ. எடுத்துக்கொள்ளும் பாத்திரம் இன்னும் மோசம். அவர் சமாதானக் கூட்டத்துக்கு வருவார். அடித்தவரையும் அடிவாங்கியவரையும் இரு தரப்பு என்று ஒரே மேசையில் உட்கார வைப்பார். பாதிக்கப்பட்டவர்மீதும் ஒரு எதிர்வழக்கு பதிவாகும். இரண்டையும் வாபஸ் வாங்கச் சொல்லிப் பேச்சுவார்த்தை நடக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. சட்டம் கேட்காத பஞ்சாயத்தைச் சட்டம் இயற்றுகிறவரே நடத்துகிறார். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டாண்டு விசாரணைக்குப் பிறகு 2025 ஜனவரியில் அதே சேரி இளைஞர்கள் மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை ஏற்க மறுத்த அந்த மக்கள் பக்கம் நின்று பேசியவர்கள் எத்தனை பேர்?

சரி, நாம் என்ன செய்வது? எம்.எல்.ஏ.விடம் கேட்பதற்கு மிக எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 17-ஆவது விதி, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் உறுப்பினர்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூட வேண்டும். வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன, நிவாரணத் தொகை போய்ச் சேர்ந்ததா, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று ஆராய்வதே அதன் வேலை. ஆண்டுக்கு நான்கு என்றால் ஐந்தாண்டில் இருபது கூட்டம். உங்கள் எம்.எல்.ஏ. எத்தனைக்குப் போனார்? போனவர் என்ன பேசினார்?

இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கூட்டம் நடந்த தேதிகள், வந்தவர் பட்டியல், நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாவற்றையும் கேளுங்கள். எம்.பி.யின் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதியில், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கென்று சொல்லப்பட்ட 15 சதவீதம் எந்தத் தெருவில் செலவானது என்றும் கேளுங்கள். பதில் வந்தால் அச்சடித்துத் தெருவில் ஒட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வரவில்லை என்பதையும் சேர்த்தே ஒட்டுங்கள்.

தொகுதி மறுவரையறைக்கு எதிரான கூட்டத்துக்கு அவர் அழைத்தால் போகலாம். அந்தப் போராட்டம் நம்முடையதும்தான். போகும்போது அந்த வருகைப் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டெல்லியில் நம் குரல் ஒலிக்க வேண்டும் என்று அவர் மேடையில் பேசி முடித்ததும், ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் சேரியின் குரலாக எத்தனை முறை ஒலித்தீர்கள் என்று கேளுங்கள்.