கையில் இருக்கும் வீடியோ கோர்ட்டு வரை உயிரோடு போக வேண்டும்

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு காலனி என்று வைத்துக்கொள்வோம். திருவிழா இரவில் ஊர்த்தெருவிலிருந்து கும்பலாக வந்து அடிக்கிறார்கள். நம் பையன் ஒருவன் நடந்ததை எல்லாம் செல்போனில் எடுத்துவிடுகிறான். விடிவதற்குள் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடுகிறது. "ஆதாரம் இருக்கு, இனி எப்படித் தப்புவாங்க" என்று நாமும் நிம்மதியாகிவிடுகிறோம்.

சில ஆண்டுகள் கழித்து வழக்கு சாட்சி விசாரணைக்கு வருகிறது. அந்தப் போன் எப்போதோ உடைந்து போயிருக்கும். மிச்சம் இருப்பது பல கை மாறி வந்த மங்கலான ஒரு பிரதி. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்பார்: இதை எடுத்தது யார்? எந்தப் போனில்? நடுவில் யாரும் வெட்டி ஒட்டவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நம்மிடம் பதில் இருக்காது.

தோழர்களே, வீடியோ எடுப்பதில் நாம் தேறிவிட்டோம். எடுத்ததைக் காப்பாற்றி கோர்ட்டில் நிறுத்துவதில்தான் இன்னும் தேறவில்லை.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியுடன் போன ஓமலூர் இளைஞர், மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். உடன் போன தோழியே, கோயில் சிசிடிவியில் தெரிவது நான் இல்லை என்று கூண்டில் நின்று சொன்னார். ஆனால் கேமராவை யாராலும் மிரட்ட முடியவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிசிடிவி பதிவு அந்த வழக்கின் முக்கியமான கண்ணி. சாதி ஊருக்குள் மனிதச் சாட்சியை விலைக்கு வாங்கலாம், பயமுறுத்தலாம், ஊர்க்கட்டுப்பாடு போட்டு வாயை அடைக்கலாம். அதனால்தான் மின்னணுச் சான்று மற்றவர்களைவிட நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதே நேரம் உடுமலை சங்கர் வழக்கையும் மறக்கக் கூடாது. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்த வெட்டு கேமராவில் பதிவானது. நாடே பார்த்தது. ஆனால் 2020 ஜூனில் உயர் நீதிமன்றம், சதிக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது. வெட்டிய கையைத்தான் கேமரா காட்டும். சதியை நிரூபிக்க அழைப்பு விவரங்கள், பணப் பரிமாற்றம், முன்பு வந்த மிரட்டல் செய்திகள் எல்லாம் வேண்டும். ஆகவே வெறும் வீடியோவோடு நிற்காதீர்கள். மிரட்டல் ஆடியோவையும் குறுஞ்செய்தியையும் "சரி விடு" என்று அழிக்காதீர்கள்.

சட்டம் என்ன கேட்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, பிரதியைத் தாக்கல் செய்தால் சான்றிதழும் சேர்த்துக் கொடு என்கிறது. பழைய 65பி பிரிவின் தொடர்ச்சி இது. சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். ஒன்றில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் ஒரு நிபுணர். கோப்பின் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். அசல் போனையே கொண்டுவந்து, எடுத்தவரே கூண்டேறி "இது என் போன், நான் எடுத்தது" என்று நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், பழைய 65பி பிரிவை வைத்து, உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைக்காரரோ கோயில் நிர்வாகமோ சான்றிதழ் தர மறுத்தால் நீதிமன்றத்தின் மூலம் கேட்டு வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியவை.

எடுத்த போனைப் பத்திரப்படுத்துங்கள். அசல் கோப்பை வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், மேலே எழுத்து ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரங்கள் போய்விடும். அனுப்பியே தீர வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அன்றைக்கே கிளவுடில் ஒரு பிரதி ஏற்றுங்கள். கூகுள் ட்ரைவ் போன்ற ஒன்று போதும். கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் மெமரி கார்டில் பிரதி எடுத்துக்கொண்டு, கீழே இறங்கியதும் ஏற்றுங்கள். கூகுள் போட்டோஸ் என்றால் அசல் தரத்தில் சேமிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் முன் ஹேஷ் எடுத்து, தேதி, நேரம், எடுத்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதும் அந்த நோட்டில் இருக்கட்டும்.

கிளவுட் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. அவர் ஊரைவிட்டு வேலைக்குப் போவார், போனைத் தொலைப்பார், மிரட்டலுக்கும் ஆளாவார். கடவுச்சொல்லை வக்கீலிடமும் கொடுத்து வையுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும், திருத்தும் அனுமதி வேண்டாம். இலவச இடம் 15 ஜிபி தான், அது நிரம்பினால் புதிதாக எதுவும் ஏறாது. இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். கோகுல்ராஜ் வழக்கில் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு வரவே ஏழு ஆண்டுகள் ஆயின. கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சம்பவ இடத்தில் இருக்கும் கடை, பெட்ரோல் பங்க், கோயில் கேமராக்களின் டிவிஆர் சில நாட்களில் பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும். ஆகவே புகார் கொடுக்கும் நாளிலேயே, இன்ன இடத்துக் கேமராப் பதிவைக் கைப்பற்றுங்கள் என்று டிஎஸ்பிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காவல் நிலையத்திலேயே தாக்கினார்கள் என்றால், அங்குள்ள கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு.

இன்னொன்று, பாலியல் வன்கொடுமை என்றால் பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தையோ பெயரையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அது குற்றம், அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதியும்கூட.

இவ்வளவையும் நாமே சுமப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆவணத்தையும் மின்னணுப் பதிவையும் சரியாகத் தயாரிப்பது அதிகாரிகளின் கடமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை. 15ஏ பிரிவு வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது, சமூகப் பணியாளர்களின் உதவியைப் பெறும் உரிமையையும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருகிறது. ஆனால் நிபுணர் கையெழுத்துக்கு கூலிக்குப் போகும் குடும்பம் எங்கே போகும்? கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. வன்கொடுமை வழக்குகளில் இலவசமாகச் சான்றிதழ் தர ஒரு நிபுணரை மாவட்டத் தலைநகரில் உட்கார வைக்க அரசால் முடியாதா? மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைப்போம்.

அது கிடைக்கும் வரை சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு காலனியிலும் கல்லூரிக்குப் போகும் இரண்டு பேராவது இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, ஒரு மெமரி கார்டு, ஒரு கிளவுட் கணக்கு, ஒரு வக்கீலின் எண். வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். அடி விழுந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.