இரவல் முகவரி வாணிகம்

இணைய உலகிலே இன்று ஒரு புதுவகை வாணிகம் செழித்து வளர்கிறது. அதன் சரக்கு, சாதாரண மனிதனின் நற்பெயர். அவனது வீட்டு இணைய இணைப்புக்குரிய முகவரியைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு இலாபம் ஈட்டும் இந்த ஏற்பாட்டை வீட்டுப் புரொக்சி வலைப்பின்னல் என்பர். வாடகை வாங்குபவன் ஒருவன், வீட்டுக்காரன் வேறொருவன். தன் வாசல் வாடகைக்குப் போன செய்தியே பெரும்பாலும் வீட்டுக்காரனுக்குத் தெரியாது.

இது நடைபெறும் விதம் எளியது. இலவசமாகக் கிடைக்கும் ஏதோவொரு செயலியை ஒருவன் தன் கைத்தொலைபேசியிலோ கணினியிலோ நிறுவுகிறான். அதனுள் ஒளிந்திருக்கும் சிறு நிரல், அவனது இணைப்பைக் கம்பனியொன்றின் பட்டியலிற் சேர்த்துவிடுகிறது. அக்கம்பனிக்குப் பணம் கொடுத்தவன் எங்கிருந்தோ அனுப்பும் கோரிக்கை, இந்த வீட்டினூடாகச் சென்று இணையத்தளத்தை அடைகிறது. தளத்தின் கண்ணுக்கு, வந்தவன் வீட்டுக்காரனே. தரவு நிலையங்களிலிருந்து வருவோரைச் சந்தேகிக்கும் காவல் ஏற்பாடுகள், வீட்டிலிருந்து வருபவனை நம்பி உள்ளே விடுகின்றன. அந்த நம்பிக்கைக்குத்தான் விலை.

இதன் விளைவு யாது? 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் '911 எஸ்5' என்னும் வலைப்பின்னலை முடக்கியதாக அறிவித்தது. அதனை நடத்தியவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் சிங்கப்பூரிற் கைதானார். ஏறத்தாழ 200 நாடுகளைச் சேர்ந்த 1 கோடி 90 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் அதனுடன் தொடர்புற்றிருந்தன. அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட இலவச வீபீஎன் செயலிகளே அதன் தூண்டில்கள். 2018 முதல் 2022 வரை கிடைத்த வருமானம் சுமார் 9 கோடி 90 இலட்சம் டொலர் என்கிறது குற்றப்பத்திரம். பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழந்தோருக்கென ஒதுக்கப்பட்ட உதவிப்பணத்தைக் குறிவைத்து, இம்முகவரிகளிலிருந்து 5 இலட்சத்து 60 ஆயிரம் பொய் விண்ணப்பங்கள் சென்றனவென அமெரிக்க அரசு மதிப்பிட்டது. இழப்பு 590 கோடி டொலருக்கும் அதிகம். வேலையற்றவனின் கையிலிருந்து பறித்த கவளம், ஏதுமறியாத இன்னொருவனின் வாசல் வழியே கடத்தப்பட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

திருடர் மட்டுமா இவ்வாசலில் நுழைகின்றனர்? மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் மின்னஞ்சல்களுள் ஊடுருவிய, ரஷ்ய அரசைச் சார்ந்ததெனக் கூறப்படும் குழுவும் இத்தகைய வீட்டு முகவரிகளுள் மறைந்தே வந்ததென அந்நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்தது. கள்வனைத் தடுக்க முகவரியை அடைத்தால் குற்றமற்ற குடும்பம் தண்டனை பெறுகிறது. அடைக்காவிடின் கள்வன் உள்ளே வருகிறான்.

இவையெல்லாம் குற்றவாளிகளின் செயல், தாங்களோ சம்மதம் பெற்றே தொழில் செய்பவர்கள் என்று சில கம்பனிகள் வாதிடும். எத்தகைய சம்மதம்? 2015இல், 'ஹோலா' என்னும் இலவச வீபீஎன்னைப் பயன்படுத்தியோரின் இணைப்புகள் 'லுமினாட்டி' என்ற பெயரில் விற்கப்படுவது அம்பலமாயிற்று. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அக்கம்பனி விடயத்தைத் தெளிவாக விளக்க முற்பட்டது. எவரும் வாசிக்கமாட்டார் என்று தெரிந்தே பல பக்க நிபந்தனைகளுக்குள் ஒரு வரியைப் புதைத்துவிட்டு, அழுத்திய பொத்தானைச் சம்மதம் என்பது, எழுத்தறியாதவனிடம் கைநாட்டு வாங்கிய கந்துவட்டிக்காரனின் நியாயமே.

மலிவை நாடும் ஏழைக்கு அந்தப் பொத்தான்கூடக் கிடைப்பதில்லை. தொலைக்காட்சியுடன் இணைக்கும் சில மலிவு விலை ஸ்ட்ரீமிங் கருவிகளில், வாங்குபவன் கைக்கு வருமுன்னரே இத்தகைய நிரல் புகுத்தப்படுகிறதென 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரித்தது.

விலைகளை ஒப்பிடவும், விளம்பரங்களைச் சரிபார்க்கவும், தணிக்கையைத் தாண்டவும் இவ்வலைப்பின்னல்கள் உதவுகின்றன என்பது இன்னொரு வாதம். தணிக்கைக்கு உட்பட்டோருக்குத் துணை நிற்பது நற்செயலே. 'ரோர்' வலையமைப்பில் தொண்டர்கள் அதனைச் செய்கின்றனர். என்ன செய்கிறோம் என்பதை அறிந்து செய்கின்றனர். அதன் வெளிவாயில்களின் பட்டியலும் பகிரங்கமானது. அங்கே தியாகம் அறிந்து செய்யப்படுகிறது. இங்கே ஊரார் வீட்டு நெய்யைக் கம்பனி தன் கையால் வார்த்து விலை பேசுகிறது.

ஆகவே, பயனாளனே விழித்திரு என்று உபதேசிப்பது மட்டும் போதாது. இலாபம் எவனுக்கோ பொறுப்பும் அவனுக்கே ஆகவேண்டும். வீட்டுக்காரனிடம் அவன் மொழியில், தனியாக, தெளிவாகச் சம்மதம் கேட்கப்படவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை அவனுக்கு இருக்கவேண்டும். வாடகைக்கு எடுப்பவன் யார் என்பதை விற்பவன் அறிந்து பதிவுசெய்யவேண்டும். குற்றம் நிகழ்ந்தால் முதற்கேள்வி கம்பனியின் வாசலிற் கேட்கப்படவேண்டும். இவற்றை ஏற்க மறுக்கும் வாணிகம் வாழத் தகுதியற்றது. உழைப்பவனிடம் இறுதியாக எஞ்சியிருக்கும் சொத்து அவன் நற்பெயர். அதனையும் ஏலம் விடுவோரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது மக்களின் கடமை.