முகத்தைக் காட்டலாமா?

கல்கத்தாவின் வடபகுதியில் சோனாகாச்சி என்று ஒரு பேட்டை இருக்கிறது. நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது. பேட்டையின் பெயர் மாறவில்லை. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் உடலை விற்றுப் பிழைக்கிறார்கள்.

"விலைமாதர்" என்றுதான் பத்திரிகைகள் முன்பு எழுதின. அவர்களோ தங்களைப் பாலியல் தொழிலாளிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே எழுதுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் படிக்கும் பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தப் பெண்களுக்கும் வீடு இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அன்றாட வாழ்க்கையைத்தான் சிலர் படம் எடுக்கிறார்கள். அதில் கதை இல்லை, நடிகர் இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவது. ஆவணப் படம் என்று பெயர்.

ஆஸ்கார் வாங்கிய படம்

சோனாகாச்சியை உலகத்துக்குக் காட்டிய படம், 2004-ல் வந்த "பார்ன் இன்டு பிராத்தல்ஸ்". ஜானா பிரிஸ்கி என்ற பெண்மணியும், ராஸ் காப்மன் என்பவரும் சேர்ந்து எடுத்தது. பிரிஸ்கி ஒரு புகைப்படக்காரர். அந்தப் பேட்டைப் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்தார். படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் எடுத்த படங்கள் வெளிநாட்டில் விலை போயின. அந்தப் பணத்தை அவர்கள் படிப்புக்கு ஒதுக்கினார்கள். 2005-ல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

நல்ல காரியம்தான். ஆனால், பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள்?

"துர்பார்" என்பது 1995-ல் அந்தப் பெண்கள் அமைத்துக்கொண்ட சங்கம். அந்தச் சங்கம் படத்தைக் கண்டித்தது. பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் படும் பாடு படத்தில் வரவே இல்லை என்பது அவர்கள் குறை.

அதில் நியாயம் இருக்கிறது. கந்துவட்டிக்காரனிடம் இருந்து தப்புவதற்காக, "உஷா" என்ற கூட்டுறவு சங்கத்தை அதே 1995-ல் அவர்கள் தொடங்கினார்கள். பதிவு செய்யப் போனபோது, "குடும்பப் பெண்கள் என்று எழுதிக்கொடுங்கள்" என்று யோசனை சொன்னார்கள். "மாட்டோம்" என்றார்கள் பெண்கள். தொழிலைச் சொல்லியே பதிவு வாங்கினார்கள்! சிறுகச் சிறுகச் சேமிக்கவும், அவசரத்துக்குக் கடன் வாங்கவும் ஓர் இடம் கிடைத்தது. பிள்ளையைக் கவனிக்காத தாய் செய்கிற வேலையா இது?

அந்த ஆஸ்கார் படத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2002-ல், இன்னொரு படம் வந்தது. டில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷோகினி கோஷ் எடுத்த "டேல்ஸ் ஆப் தி நைட் பேரிஸ்". அதே சோனாகாச்சிதான். ஆனால் அங்கே வேலை செய்பவர்களே பேசுகிறார்கள். சங்கம் வைத்துப் போராடியதைச் சொல்கிறார்கள். பார்ப்பவருக்கு அவர்கள்மேல் பரிதாபத்தைவிட மரியாதைதான் வருகிறது. இந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

அம்மா எங்கே வேலை செய்கிறாள்?

படம் எடுத்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். அந்தப் பெண் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

பட்டணத்தில் வீட்டு வேலை செய்கிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் அம்மாவின் தொழிலைச் சொல்லாத பிள்ளைகள் உண்டு. முன்பெல்லாம் இப்படிப்பட்ட படத்தைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். பிறகு அது பெட்டிக்குள் போய்விடும். இன்று கைபேசியில் வருகிறது. ஊரில் இருக்கும் தம்பி பார்ப்பான். மகளின் வகுப்புத் தோழி பார்ப்பாள்.

சட்டத்தின் பயமும் இருக்கிறது. இந்தத் தொழிலில் வரும் வருமானத்தில் தெரிந்தே பிழைப்பவர் 18 வயது தாண்டியவராக இருந்தால், 1956-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டிக்க இடம் உண்டு. தாய் தன் வளர்ந்த மகனுக்குச் சோறு போடும் காட்சி நமக்குப் பாசமாகத் தெரியும். போலீசாருக்கு அதுவே சாட்சி ஆகலாம்!

2010-ல் மராட்டிய மாநிலம் சாங்கிலியில் நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பகுதிப் பெண்களைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் படம் இணையத்தில் வந்தது. "எங்கள் வாழ்க்கையைத் திரித்துவிட்டார்கள்" என்று கொதித்த பெண்கள், காமிராவின் முன் உட்கார்ந்து, தாங்களே ஒரு பதில் படம் எடுத்து அதே இணையத்தில் போட்டார்கள். சபாஷ்!

கையெழுத்து

2022 மே 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. கைது, சோதனை, மீட்பு நடக்கும்போது இந்தப் பெண்களின் அடையாளமும் படமும் வெளியே வரக்கூடாது என்றது. மற்றவர்களைப் போல அவர்களுக்கும் கண்ணியமாக வாழ உரிமை உண்டு என்றது.

அது போலீஸ் வரும் நாளுக்கு. படக்காரர் சிரித்துக்கொண்டே வரும் நாளுக்கு என்ன பாதுகாப்பு? "சம்மதம் வாங்கிவிட்டோம், கையெழுத்து இருக்கிறது" என்பார்கள். எந்த மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து? படித்துக் காட்டியது யார்?

அந்தத் தாள் வங்காளியில் இருக்க வேண்டும், சாங்கிலியானால் மராத்தியில். படிக்கத் தெரியாதவருக்கு, சங்கத்துப் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். படம் முடிந்ததும், வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும் முன்பு, அதே பேட்டையில் ஒரு திரை கட்டி அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். "இந்த இடத்தில் என் மகள் முகம் தெரிகிறது, எடுத்துவிடுங்கள்" என்று ஒரு தாய் சொன்னால், எடுத்துவிட வேண்டும்.