டென்ட் இல்லாத பிள்ளைக்கு முகாமும் இல்லையா?



சாரணர் முகாமுக்குப் பெயர் கொடுத்த ஒரு பிள்ளை மறுநாள் வந்து, "என்ட பேர வெட்டுங்க சேர், வாப்பாட்ட டென்ட் வாங்க காசில்ல" என்றான். வெட்கப்பட வேண்டியது அவனல்ல, நாம்தான். ஆளுக்கொரு டென்ட் என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் நாமல்லவா?

வாங்குகிறவர்களும் எதைப் பார்த்து வாங்குகிறோம்? சிலர் விலையை, சிலர் கம்பெனிப் பெயரை. மழையை யாரும் நினைப்பதில்லை. ஒற்றைத் துணி டென்ட் முற்றத்தில் விளையாடத்தான் சரி. இரவில் நமது மூச்சின் ஈரமே உள்ளே துளியாக நிற்கும். மேலே தனி மழைவிரிப்பு, தையல்களில் டேப், லேபிளில் நீர் தாங்கும் அளவு 2000 மில்லிமீற்றர். புதிதாகப் போகிறவர்களுக்கு இது போதும். "4 பேருக்கு" என்றிருந்தால் பைகளோடு 3 பேர் என்று கணக்கு வையுங்கள். அடியில் தறப்பாள் விரியுங்கள். அது வெளியே நீண்டால் மழைநீர் உள்ளே வரும். ஹோட்டன் சமவெளிக் குளிருக்குத்தான் ஸ்லீப்பிங் பேக் வேண்டும். நம் கரையோர முகாமுக்கு வீட்டுப் பாயும் போர்வையும் தாராளம்.

பழைய மாணவர்களே, பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் செலவழிக்கும் காசில் பாடசாலைக்கு நான்கு நல்ல டென்ட் வாங்கித் தாருங்கள். வருடா வருடம் எல்லாப் பிள்ளைகளும் பாவிக்கட்டும். போவதற்கு முன் மைதானத்தில் அடித்து, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எங்கள் பொறுப்பு.

வெட்டிய அந்தப் பெயரைத் திரும்ப எழுதிவிட்டோம். இனி உங்கள் முறை.