கண்ணில் படாத பெட்டி

மன்னாரில் நம் வீட்டுக் கணினிகளுக்குப் பொதுவானதொரு சேமிப்புப் பெட்டி உண்டு. 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குத் தலைமன்னாரிலிருந்து சென்ற கப்பலின் படங்கள் அதில் உள்ளன. வேறு பிரதி இல்லை. சென்ற வாரம் வாங்கிய கணினிக்கு அப்பெட்டி தென்படவேயில்லை. வன்தட்டு பழுதோவென அஞ்சினோம். அன்று, பெட்டியின் பழைய மென்பொருள் அறிந்தது எஸ்.எம்.பி. முதற் பதிப்பு ஒன்றே. 2017 மே மாதத்தில் ‘வானாகிரை’ நச்சுநிரல் உலகெங்கும் புகுந்தது அவ்வாசல் வழியேதான். இன்றைய விண்டோஸ் அதை அடைத்தே வருகிறது.

“வாசலைத் திறந்துவிடலாமே” என்றார் நண்பர். நாம் இசையவில்லை. இணையத் தொடர்பைத் துண்டித்து, பழைய கணினி வழியே படங்களைத் தனி வன்தட்டில் படியெடுத்தோம். பின்னரே மென்பொருளைப் புதுப்பித்தோம். கப்பல் மீண்டும் கண்ணில் பட்டது.

வாசகர்களே, உங்கள் பெட்டியைப் புதுப்பித்து எத்தனை நாளாயிற்று? முதலில் படியெடுங்கள், பிறகு புதுப்பியுங்கள்.