அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

கணினித் திரையின் மேல்விளிம்பில் வரிசையாக நிற்கும் மெனுக்களைச் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையைக் கொண்டே திறந்து மூடுவதை ஒரு வித்தையாகவே பலரும் கருதுகின்றனர். அது வாசிப்பின் ஒரு வகை என்பதே நமது கருத்து.

விசைகளில் இருவகை உண்டு. கன்ட்ரோல்+எஸ் போன்ற குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்தாக வேண்டும். மெனுவின் எழுத்துகளுக்கு அந்தச் சுமை இல்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் மெனுப்பட்டை உள்ள மென்பொருள்களில் ஆல்ட் விசையை அழுத்தினால், சொற்களில் ஓர் எழுத்து அடிக்கோடு பெற்று நிற்கும். அவ்வெழுத்தைத் தட்டினால் மெனு திறக்கும். உள்ளே உள்ள கட்டளைகளுக்கும் அதுவே வழி. வழி தவறினால் எஸ்கேப் விசை ஒரு படி பின்னே கொண்டுவந்து விடும். முதலில் கண் வாசிக்கிறது; சில நாட்களில் விரல் அதை ஏற்றுக்கொள்கிறது.

விரலின் நினைவு எத்தனை வலியது என்பதற்கு எக்செல் சான்று. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய மெனுக்கள் நீங்கி ரிப்பன் வந்தது. ஆயினும், மதிப்புகளை மட்டும் ஒட்டுவதற்குரிய ஆல்ட், ஈ, எஸ், வி என்ற பழைய வரிசையை மைக்ரோசாஃப்ட் கைவிடவில்லை. திரையில் இல்லாத மெனுவை விரல்கள் தொடர்ந்து திறந்தன. அதே நிறுவனம் விண்டோஸ் 2000 முதல், ஆல்ட் அழுத்தும்வரை அடிக்கோடுகள் தெரியாதபடி மறைத்தும் வைத்தது. கண்ணில் படாத வழியைப் புதியவர் எங்ஙனம் கற்பார்?

தமிழ் இடைமுகத்தில் சிக்கல் வேறு. கோப்பு, காட்சி, கருவிகள் மூன்றும் ககர வரிசையிலேயே தொடங்குகின்றன. ‘கோ’ என்பது வாசிப்பவருக்கு ஓரெழுத்து. தட்டச்சில் மெய்வரிசையும் உயிர்க்குறியுமாக இரண்டு தட்டல்கள். மெனு வேண்டுவதோ ஒரே தட்டல். ஆகவே, சீன, ஜப்பானிய மொழிபெயர்ப்புகளில் உள்ளதைப் போலவே, க்னோம் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தில் ‘கோப்பு’ என்ற சொல்லை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் எஃப் என்னும் ஆங்கில எழுத்தை இட்டனர்.

தமிழ்ச் சொல்லின் அருகே அயல் எழுத்து எதற்கு என்று மொழிப்பற்றுடையோர் முகம் சுளிக்கக்கூடும். அழகு குறைகிறது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயினும் அதை நீக்கக் கோருவோர், எவருடைய வழி அடைபடுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பார்வையற்றோர்க்குச் சுட்டியால் பயனில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் மெனுவின் பெயரையும் அதன் விசையையும் குரலாய்ச் சொல்கின்றன. அந்த எழுத்து இல்லையேல், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு கட்டளையாகக் கேட்டுக் கேட்டு இறங்க வேண்டும். இருபது கட்டளைகள் கொண்ட மெனுவில், பதினெட்டாவதை அடையப் பதினேழைக் கேட்டாக வேண்டும். இந்த அலுப்பினால் ஒருவர் ஆங்கில இடைமுகத்துக்குத் திரும்பினால், நாம் காத்த தூய்மை யாருக்கு?

தமிழுக்கேற்ற மேலான முறை ஒன்று அமையும் நாளில் அடைப்புக்குறி விலகட்டும். அதுவரை மென்பொருளைத் தமிழாக்குவோர், சொல்லுக்குத் தரும் அக்கறையை விசைக்கும் தர வேண்டும். ஒரே மெனுவில் இரு கட்டளைகளுக்கு ஒரே எழுத்து விழாமல் சரிபார்க்க வேண்டும். வாசகர்களிடம் நாம் வேண்டுவது எளிது. விண்டோஸ் 11 அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியின் விசைப்பலகைப் பக்கத்தில், அடிக்கோடுகளை எப்போதும் காட்டும் தெரிவு உண்டு. அதை இயக்கி, ஒரு வாரம் சுட்டியை ஒதுக்கி வைத்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் நிற்கும் அந்த ஓரெழுத்தின் அருமை விரல்களுக்கே விளங்கும்.