நலமறிவோம்: கணையத்தில் நீர்க்கட்டியா?

சிறுநீரகக் கல்லுக்கென ஸ்கான் எடுக்கப் போனவரிடம், “உங்கள் கணையத்தில் ஒரு சிஸ்ட் தெரிகிறது” என்கிறார் வைத்தியர். வீட்டுக்கு வந்ததும் அது ‘கட்டி’ ஆகிவிடுகிறது. தொலைபேசியில் ஊருக்குப் போய்ச் சேரும்போது புற்றுநோயாகவே மாறிவிடுகிறது. சிஸ்டுக்கும் ரியூமருக்கும் நாம் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால் வரும் வினை இது. சிஸ்ட் என்பது நீர் நிறைந்த பை. நீர்க்கட்டி என்பதே பொருத்தம். ‘லீசன்’ என்று எழுதியிருந்தால், வழமைக்கு மாறாக ஏதோ தெரிகிறது என்பதே பொருள். அது நீர்ப்பையாகவும் இருக்கலாம், திண்மமாகவும் இருக்கலாம். திண்மமானதைத் தாமதமின்றி ஆராயவேண்டும்.

கணையம் என்பது நாம் ஊரில் ‘சதையி’ என்று படித்த உறுப்புத்தான். இரைப்பைக்குப் பின்னால், ஏறக்குறைய 15 செ.மீ. நீளத்தில் கிடக்கிறது. உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதன் வேலை.

இங்கு வரும் நீர்க்கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. மதுவாலோ பித்தக்கற்களாலோ கணையம் அழற்சியுற்ற பின் தோன்றும் ‘போலி நீர்க்கட்டி’ புற்றுநோயாவதில்லை. பல வேளைகளில் தானாகவே வற்றிவிடும். தெளிந்த நீருள்ள ‘சீரஸ்’ வகையும் பெரும்பாலும் தீங்கற்றது. சளி போன்ற திரவம் சுரக்கும் வகைகளையே வைத்தியர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள். அவற்றில் சில, காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடும். பிரதான குழாயில் தோன்றுவதற்கு ஆபத்து கூட. கிளைக் குழாயில் தோன்றுவதற்குக் குறைவு.

ஆகவே வைத்தியரிடம் நாம் கேட்கவேண்டியவை நான்கு: இது எந்த வகை? 3 செ.மீ.க்கு மேற்பட்டதா? உள்ளே திண்மமான முடிச்சு உண்டா? பிரதான குழாய் விரிந்திருக்கிறதா? பதில் தெளிவில்லையெனில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பார்கள். தேவைப்பட்டால் வாய்வழியே குழாய் செலுத்தி, ஊசியால் நீரெடுத்துச் சோதிப்பார்கள்.

பலருக்குக் கிடைக்கும் பதில், “இப்போது சத்திரசிகிச்சை வேண்டாம், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ திரும்பப் பார்ப்போம்” என்பது. இதை அலட்சியம் என்று எண்ணிவிடக்கூடாது. கணையச் சத்திரசிகிச்சை பெரியது, தேவையில்லாமல் செய்வதற்கில்லை. ஆனால் அந்த அடுத்த ஸ்கானைத் தவறவிடவும் கூடாது. புதிதாகக் குடியேறிய நாம் அடிக்கடி வீடு மாறுகிறோம். வைத்தியசாலைக் கடிதமோ பழைய விலாசத்துக்கே போகிறது. வீடு மாறினால் முதலில் வைத்தியசாலைக்கு அறிவிப்போம். பழைய ஸ்கான் அறிக்கைகளை, கொழும்பிலோ சென்னையிலோ எடுத்ததானாலும், பத்திரப்படுத்துவோம். கட்டி வளர்ந்ததா என்பதை ஒப்பிட்டால்தான் அறியலாம்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதையும் தவிர்ப்போம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் தாயின் நோயை ஏற்றுவது நியாயமல்ல. பிள்ளை பயந்து பாதியை மறைத்தும்விடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்போம்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் கடும் நிறமாதல், மலம் வெளிறுதல், காரணமின்றி உடல் மெலிதல், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுதல், திடீரென நீரிழிவு தோன்றுதல் ஆகியவை கண்டால், குறித்த தவணைவரை காத்திராமல் வைத்தியரை நாடவேண்டும். செங்கண்மாரி என்று கைமருந்தோடு இருந்துவிடலாகாது. புகைப்பவர்கள் அதை விட்டுவிடுவது கணையத்துக்கும் நல்லது.

பயந்து ஒளிப்பதாலும் பயன் இல்லை, மறந்து விடுவதாலும் பயன் இல்லை. தவணையை நாட்காட்டியில் குறித்து வைப்போம்.